அண்ணாந்து குடிக்க முடியாத கோப்பை

அந்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர் வருவதற்கு முன்னால் நான் வந்து நின்றுகொள்கிறேன். முழங்கை வரை மடித்துவிட்ட டெரிலின் சட்டை, நெற்றிக்கு மேல் தூக்கிச் சீவிய முடி, கக்கத்தில் ஒரு பத்திரிகை. பி.ஏ.யில் இரண்டு தாள் போய், மதுரையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கே திரும்பி வந்திருந்த காலம். பகலெல்லாம் அப்பாவின் வற்றல் கடையில் மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலமானால் படிப்பகத்தில் சமத்துவம் பேசுவேன். நன்றாகவே பேசுவேன். அதைக் கேட்டு ஊரில் மாறியவர் ஒருவரும் இல்லை, பேசியவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்களே, அதில் வந்தவர் அக்கா. எங்கள் கடைக்குப் பின்னால் அப்பாவுக்கு ஒரு லைன் வீடு உண்டு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் அடுத்தடுத்துச் சில குடித்தனங்கள். அதில் கடைசி வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடும், இங்கே வந்து வாங்கிய பழைய தையல் மிஷினோடும், உமி அடைத்த ஒரு மரப்பெட்டியோடும் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். கணவர் ரங்கூனிலேயே இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. தெருவில் பெரியவர்கள் ரங்கூன்காரம்மா என்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அக்கா. பெயர் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்த மரப்பெட்டிக்குள் இருந்தவை ஜப்பான் கோப்பைகள். காது கிடையாது, தட்டு கிடையாது. வெள்ளை என்று சொன்னாலும் லேசாக நீலம் ஓடிய வெள்ளை. அதன்மேல் கருநீலத்தில் கையால் தீட்டிய மலை, படகு, வளைந்த ஒரு மரம். நான் அதைத் தென்னை என்று சொன்னேன். அக்கா மறுக்கவில்லை. உள்ளே அடியில் ஒரு சின்னப் பூ. வெயிலில் தூக்கிப் பிடித்தால் விரல் நிழல் மறுபக்கம் தெரியும், அவ்வளவு மெல்லிசு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சாமான் யார் கையிலாவது கிடைத்திருந்தால், கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, கல்யாணம் காட்சிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் தூரத்தில் நின்று காட்டுவார்கள். அக்கா அதில்தான் காலையில் டீ குடிப்பார், மத்தியானம் ரசம் குடிப்பார். ஒன்றில் பொத்தான்கள் கிடக்கும். ஒன்றால் அரிசி அளப்பார். ஒன்றில் தயிர் உறைந்துகொண்டிருக்கும்.

ரங்கூனில் ஒரு ஜப்பான்காரப் பல் வைத்தியர் இருந்தாராம். அக்காவின் மாமியார் அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். சண்டை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் அந்த வைத்தியர் கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். போகும்போது தையலம்மாவைக் கூப்பிட்டு இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பாட்டனாருக்கும் பாட்டனார் காலத்துச் சாமான் என்று சொன்னாராம். அப்படியானால் எங்கள் தெருவில் நிற்கிற எந்தச் சுவரைவிடவும் வயது கூடியது.

"அவ்வளவு பழசுன்னா பத்திரமா எடுத்து வைக்க வேண்டாமா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். பழமையின் அருமை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான்.

"அவுக வீட்டுலயும் தெனம் புழங்குனதுதான் தம்பி. சோத்துக்குத் தொட்டுக்கிற சாறு ஊத்தி வைக்கிற கோப்பையாம். நம்ம கொழம்புக் கிண்ணி மாதிரி. அதைக் கொண்டாந்து சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றீகளா?"

தையல் படிக்க வந்த பெண் ஒருத்தி ஒருநாள் ஒரு கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். நெசவாளர் வீட்டுப் பெண். பயத்தில் தமிழ் வராமல் தெலுங்கில் அழுதாள். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கீழே பார்த்தார். "அழுகாத. இந்தப் பெட்டி வந்த நாள்லருந்து உடைஞ்சுக்கிட்டேதான் வருது. உடையாம இருக்கணும்னா குடிக்காமல்ல இருக்கணும்," என்றார். பிறகு சில்லுகளை முறத்தில் அள்ளினார். அந்தப் பெண் தேம்பி முடிப்பதற்குள் அவளுக்கு வேறொரு கோப்பையில் டீ வந்துவிட்டது.

இதெல்லாம் எங்களால் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் தெரு, அண்ணாந்து குடிக்கிற தெரு. தம்ளரை வாய்க்கு மேலே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வோம். அடுத்தவர் வீட்டில் வாய் வைத்துக் குடிப்பது அநாகரிகம். அப்பா எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் குடிப்பார். அம்மா கொடுக்கிற காப்பியும் உயரத்திலிருந்துதான் உள்ளே இறங்கும். பித்தளை, எவர்சில்வர் என்றால் எச்சில் பட்டாலும் புளி போட்டு, சாம்பல் போட்டு விளக்கிவிடலாம். பீங்கான் மண்ணல்லவா? மண்ணில் ஒருவர் வாய் பட்டால் பட்டதுதான், கழுவினாலும் போகாது என்பது எங்கள் பெண்களின் கட்சி. அதற்கு ஆண்கள் யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

அக்காவின் கோப்பையில் அண்ணாந்து குடிக்க முடியாது. தம்ளருக்கு வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு இருக்கும், ஊற்றினால் ஒரே தாரையாக விழும். இந்தக் கோப்பைக்கு அந்த மடிப்பே கிடையாது. தூக்கிச் சாய்த்தால் டீ வாய்க்கு வராமல் கோப்பையின் வயிற்றோடு வழுகி, அடிக்குப் போய், மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாகச் சட்டைக்குள் போய்விடும். ஜாக்கெட் துணி கொடுக்க வந்த நெசவாளர் ஒருவருக்கு அது தாடியில் இறங்கியது. அவர் பக்கத்தில் நின்ற மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அவருடைய கையில் இருந்த கோப்பையும் ஆடிவிட்டது.

"விளக்குக்கு எண்ணெ ஊத்துற மாதிரி எதுக்கு ஊத்துறீக? வாய் வச்சுக் குடிங்க," என்பார் அக்கா. அவர் வீட்டுக்குப் போன யாரும் அந்தச் சொல்லைக் கேட்காமல் திரும்பியதில்லை. கட்டாயப்படுத்துகிற குரல் அல்ல. ஆனால் வேறு தம்ளரும் எடுத்துக் கொடுக்க மாட்டார். அந்த வீட்டில் தம்ளரே கிடையாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

யாருக்கெல்லாம் கொடுத்தார் என்று சொன்னால்தான் விஷயம் விளங்கும். ஜவுளிக்கடை வீட்டு மருமகள் வந்தாலும் அந்தக் கோப்பைதான். துணி வெளுக்கிறவர் வந்தாலும் அதுதான். தெருக் கூட்டுகிற அம்மாள் வேலையை முடித்துவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வந்தால், துணி வெட்டுகிற மேசைக்கு எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து அதே கோப்பையில் கொடுப்பார். பிறகு கழுவுவார். அதிலேயே அவரும் குடிப்பார். கதவைச் சாத்திக்கொண்டு செய்திருந்தால்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக் கதவு காற்றுக்காக எப்போதும் திறந்தே கிடக்கும்.

ஏன் இப்படி என்று தையல் பெண்கள் கேட்டபோது அவர் கப்பலைப் பற்றிச் சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். வாசலில் நின்று பத்திரிகை படிப்பது போல் கேட்டேன்.

"கப்பல் ஏறுற எடத்துல கழுத்துல காதுல கெடந்ததைக் கழட்டிக்கிட்டாக. பெட்டியைத் தொறந்து பாத்தாக. கோப்பை தானன்னு விட்டுட்டாக. கப்பல்ல முக்காவாசிப் பேருட்ட ஏனம் இல்ல. குடிதண்ணி குடுக்குறாக, எதுல வாங்குறது? எங் கோப்பை அந்தக் கடைசிக்குப் போயி இந்தக் கடைசிக்கு வரும். எந்தூரு, என்ன ஆளு, ஒண்ணும் கேக்கல. ஒருத்தரும் அண்ணாந்தும் குடிக்கல. கப்பல் ஆடுதுல்ல, அண்ணாந்தா மூக்குல போயிரும்." மிஷினை ஓட்டிக்கொண்டே சொன்னார். "கரையில எறங்குனதும் எல்லாரும் அண்ணாந்துட்டாக."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை அப்படியே அந்த வாரம் படிப்பகத்தில் எடுத்துவிட்டேன், நானே அந்தக் கப்பலில் வந்தவன் மாதிரி. அன்று நல்ல கைதட்டல்.

அந்தப் பேச்சை அக்காவும் கேட்டிருக்கிறார். படிப்பகத்துக்கு எதிரில் இருந்த நூல்கடைக்கு வந்தவர், நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் நான் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார். "நேத்து நல்லாப் பேசுனீக தம்பி. தொண்டை காஞ்சு போயிருக்கும். வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க." உள்ளே தெருக் கூட்டுகிற அம்மாள் அப்போதுதான் குடித்து முடித்துக் கோப்பையை மேசையில் வைத்தார். அக்கா அதை எடுத்துக் கழுவினார். அதிலேயே எனக்கு ஊற்றினார். வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கைக்குக் கிடைத்த கோப்பை அது, அவ்வளவுதான்.

எனக்கு உடனே வயிற்று வலி வந்துவிட்டது.

சமத்துவத்தில் எனக்கு இருந்த நம்பிக்கை பொய் இல்லை. உதட்டைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டிருந்தன. ஒருமுறை காரியாபட்டியில் சமபந்தி விருந்து நடந்தபோது முதல் ஆளாக பஸ்ஸேறிப் போனவன் நான். பந்தியில் உட்கார்ந்து வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டேன். அதற்குத் தோல் இருக்கிறதல்லவா?

அந்த வயிற்று வலி அதோடு நிற்கவில்லை. அக்கா அதை நம்பினார், அல்லது நம்புவது என்று முடிவு செய்தார். "வெறும் வயித்துல டீயும் சிகரெட்டுமா இருந்தா அப்பிடித்தான் பிடிக்கும்," என்று சுக்கும் சீரகமும் தட்டிக் கஷாயம் போட்டார். அதையும் கோப்பையில்தான் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, எப்படி இருக்கிறது என்று கேட்டு மறுநாளும் வரச் சொன்னார். வாரக்கணக்கில் அந்த முருங்கை மரம் கஷாயம் குடித்தது. விஷயம் அம்மாவின் காதுக்குப் போய், எனக்குக் காரம் நின்றுபோயிற்று. வற்றல் வியாபாரி மகன் மிளகாய் இல்லாத மோர்ச்சோறு சாப்பிட்டு இளைத்தேன். சிகரெட் விஷயமும் அந்த வழியாகவே அப்பாவுக்குப் போனது.

காரைக்குடிப் பக்கத்தில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்திருந்தார். அவரிடம் கோப்பையைப் பற்றி அளந்ததும் நான்தான். பழம்பொருள் தெரிந்தவன் என்று அவரும் என்னை மதிக்கட்டுமே. அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு காலிக் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு, ஒரு புதுத் தையல் மிஷினும் அதற்கு மேலும் வாங்குகிற அளவுக்கு விலை சொன்னார். அக்கா, "மொதல்ல டீ குடிங்க," என்று அதே மாதிரி ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார். விலை தெரிந்த மனிதர் அல்லவா? இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் துணியாமல் நின்றார்.

"குடுத்துட்டா நான் எதுல குடிக்கிறது?" என்று அக்கா கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்ளர் வாங்கிக்கொள்ளலாமே என்று எனக்கு நுனிநாக்கு வரை வந்தது.

பிரச்சினையைக் கிளப்பியது பக்கத்துக் குடித்தனக்காரர். தினமும் திருச்சுழி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற குமாஸ்தா. அவருக்கு அக்காவின் கோப்பைமேல் ஒரு மயக்கம் இருந்தது. வெளிநாட்டுச் சாமானில் வாய் வைத்துக் குடிப்பது துரைமார் பழக்கம் என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து உறிஞ்சிக் குடித்துவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் பெருமை பேசுவார். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுக் காலையில் வீடு திரும்பினார். திறந்திருந்த கதவு வழியாக, முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கோப்பையில் குடிப்பது யார் என்று பார்த்தார். அன்று குழாயடியில் அவர் வாய் கொப்பளித்த தண்ணீரில் ஒரு குடும்பம் ஒரு வேளை சமைத்திருக்கலாம். தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற ஊர் எங்கள் ஊர்.

அவர் நேரே போய் எண்ணெய்க் கடைக்காரரிடமும் ஜவுளிக்கடைக்காரரிடமும் சொன்னார். இருவரும் எங்கள் தெருவில் சொல் செல்லுகிறவர்கள். அவர்கள் அப்பாவிடம் வந்தார்கள். ஜவுளிக்கடை மருமகளும் அந்தக் கோப்பையில் குடித்திருக்கிறாள் என்பது அங்கேதான் வெளியே வந்தது. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்பளை ஆளு. ஒத்தையில இருக்கு. எப்பிடி நான் மட்டும் போயிச் சொல்றது?" என்றார். "நாங்களும் வாரோம் அண்ணாச்சி. சேந்து போயிச் சொல்லிருவோம்," என்றார்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அக்கா எங்கே போவார் என்பது எனக்குத் தெரியும். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கணவரின் தம்பி வீடு இருந்தது. கப்பலிலிருந்து இறங்கி முதலில் அங்கேதான் போயிருக்கிறார். அந்த மரப்பெட்டியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. கடல் தாண்டி, கண்டவர்கள் எச்சில் பட்டு வந்த சாமான் என்று மாட்டுக் கொட்டகையில் வைத்தார்கள். பிறகு அவருக்கும் தனித் தட்டு, தனித் தம்ளர், கொட்டகைப் பக்கம் பாய். மழை பார்த்து விதைக்கிற பூமி. மழை பொய்த்த வருடம். ஒரு வாய் கூடியது அவர்களுக்குப் பாரம். அங்கிருந்து கிளம்பித்தான் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். இங்கேயும் இல்லையென்றால் மறுபடி அந்தக் கொட்டகைதான்.

சாயங்காலம் போனார்கள். அப்பா, எண்ணெய்க் கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர். பின்னால் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. சமயம் பார்த்து நியாயம் பேசுவதாக உத்தேசம், நாலு வாக்கியம் மனப்பாடம்கூடச் செய்திருந்தேன். அக்கா தையல் பெண்களை அனுப்பிவிட்டு, வெட்டுத் துணிகளை ஒதுக்கி, மேசையைத் துடைத்து வைத்திருந்தார். எதற்கு வருகிறோம் என்று தெரிந்திருக்கிறது.

எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கோப்பை வைத்தார். வாசலில் நின்ற எனக்கும் ஒன்று. ஊற்றும்போது மேசையில் கொஞ்சம் சிந்தியது. அந்தக் கை சிந்தி நான் பார்த்ததில்லை. மனப்பாடம் செய்த நாலு வாக்கியமும் போன இடம் தெரியவில்லை.

"டீ ஆறிருச்சுன்னா நல்லா இருக்காது அண்ணாச்சி. குடிச்சிட்டுச் சொல்லுங்க. எதுனாலும் கேட்டுக்கிறேன்," என்றார் அக்கா.

அவர்கள் கோப்பையைத் தொடவில்லை. எச்சில் பயம் மட்டும் காரணம் அல்ல. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு, அதே வாயால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. குடித்துவிட்டால் கதை முடிந்தது, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. அது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"இருக்கட்டும்மா. இப்பத்தான் காப்பி குடிச்சிட்டு வாரோம்," என்றார் எண்ணெய்க் கடைக்காரர்.

"வந்த சோலியைப் பேசிருவோமே," என்று ஜவுளிக்கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "தாயி, வந்து..." என்று தொடங்கி, கோப்பையிலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்துக்கொண்டே நிறுத்திவிட்டார்.

அந்த இடைவெளியில் எனக்கு வீரம் வந்தது. வீட்டுக்காரர் மகன் நான். நான் குடித்தால் அந்த வழக்கம் எங்கள் வீட்டையும் கட்டும், அப்பாவால் மேலே பேச முடியாது. இத்தனை நாள் பேசியதற்கு இதுதான் சோதனை என்று பட்டது. "அக்கா, நான் குடிக்கிறேன்," என்றேன். படிப்பகத்து மேடைக் குரலில் வந்துவிட்டது. எண்ணெய்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோப்பையைக் கையில் எடுத்தேன்.

உதட்டில் வைக்க வேண்டும் என்று மூளை சொல்லிற்று. கைக்கு அது போய்ச் சேரவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கை, தன் போக்கில் உயரே போனது. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. சரித்திரம் படைக்கிற நிமிடம் என்று கண்ணை வேறு மூடிக்கொண்டேன். டீ முழுவதும் மணிக்கட்டு வழியாக இறங்கி, டெரிலின் சட்டைக்குள் புகுந்து, இடுப்பு வேட்டியில் வந்து நின்றது. கொஞ்சம் மூக்குக்குள் போயிற்று. புரையேறி, இருமி, ஒரு கையால் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தேன். வாய்க்குள் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. ஜவுளிக்கடைக்காரர் தன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் மகன் இப்படி ஆடினால் வராதா?

"ஏலே, ஒரு கோப்பையில குடிக்கத் தெரியாதா ஒனக்கு? காலேசுல என்னத்தப் படிச்ச?" என்று தன் கோப்பையை எடுத்தார். "இங்க பாரு. அடியில ஒரு கை குடுக்கணும். பக்கத்துல ஒரு கை. தலையை ஆட்டக் கூடாது. உதட்டுல வச்சு, மெள்ளச் சாச்சு, உறிஞ்சணும்." சொன்னபடி செய்தார். உறிஞ்சுகிற சத்தம் அந்த அறை முழுவதும் கேட்டது. ஒரு வாய், இன்னொரு வாய். கோப்பை காலியாயிற்று. மேசையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார்.

"அண்ணாச்சி," என்றார் எண்ணெய்க் கடைக்காரர் மெதுவாக. "குடிச்சிட்டீகளே."

அப்பா கோப்பையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ஆமா. சின்னப் பிள்ளையில கொழும்புல கடையில நின்னப்ப இது மாதிரி பீங்கான்லதான குடிச்சோம். கடைக்குள்ள எத்தனை பேரு, எவன் எவன் குடிச்ச கோப்பையோ. யாரு பாத்தா?"

அப்பா கொழும்பில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அங்கே வாய் வைத்துக் குடித்தவர் என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அன்று அவர் கோபத்தில் மறந்து குடித்தாரா, அல்லது என் கூத்தைச் சாக்காக வைத்துக் குடித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறந்து குடித்ததாகத்தான் சொல்லியிருப்பார்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மழைக்கு மூலையில ஒழுகுதுன்னு சொன்னீகள்ல தாயி. நாளைக்கு ஓடு மாத்த ஆளு வரும். வீட்டுல இருங்க," என்றார். மற்ற இருவரும் எழுந்தார்கள். போகிற வழியில் எண்ணெய்க் கடைக்காரர் ஏதோ சொன்னதும், அப்பா பதில் சொல்லாமல் நடந்ததும் வாசலிலிருந்து தெரிந்தது. குமாஸ்தா அடுத்த மாதம் வேறு தெருவுக்குக் குடிபோனார்.

நான் மட்டும் நின்றேன், சட்டையைப் பிழிந்துகொண்டு. அக்கா மேசையில் கையை ஊன்றி முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சந்தோஷத்தில் என்னவோ செய்தது. அவரை நான்தான் காப்பாற்றினேன் என்று அதற்குள்ளேயே எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. நாளைக்குப் படிப்பகத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்து பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயைச் சூடு பண்ணினார். என் கோப்பையில் ஊற்றினார். "ஒங்களுக்குத்தான் தம்பி ஒரு சொட்டும் போகல. இப்ப யாரும் இல்ல. குடிங்க."

அப்பா காட்டியபடி அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை. வாய்க்கு அருகில் கொண்டுபோனேன். கொண்டுபோகும்போதே என் கட்டைவிரல் கோப்பையின் விளிம்பைச் சுற்றி ஒரு துடை துடைத்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் துடைத்தது. நிமிர்ந்தால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். வாங்கி, நான் துடைத்த அதே இடத்தில் உதட்டை வைத்து ஒரு வாய் குடித்தார். என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"இப்ப நான் வாய் வச்சது. குடிங்க."

குடித்தேன். உதட்டை வைத்துத்தான் குடித்தேன். நாக்கு பொத்துப் போகிற சூடு. அதைவிட வெட்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடு அதிகமாக இருக்கிறது அக்கா என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ஊதிக் குடிக்கணும் தம்பி," என்றார். "அண்ணாந்து குடிக்கிறவுகளுக்கு அது தெரியாது."